கணக்கில் வராத காய்

அன்றைக்குத் தோப்பில் யார் யார் இருந்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தோப்புக்காரர். தொண்டாமுத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் அவருக்குத் தென்னந்தோப்பு. யானை பிரித்துப் போட்ட வேலியைக் கட்டிக்கொண்டே இருப்பவர்.

தேங்காய் வியாபாரி. கோயமுத்தூர் டவுனில் மண்டி வைத்திருந்தார். எங்களுக்கெல்லாம் பாய். அடுத்த வெட்டுக்கு விலை பேச வந்திருந்தார்.

காய் எண்ணும் அக்கா.

அக்காவின் வீட்டுக்காரர். அக்கா எண்ணுவார், இவர் ஏற்றுவார். அக்கா பேசுவார், இவர் பேசமாட்டார்.

இன்ஜினியரிங் காலேஜில் கடைசி வருஷம் படித்த ஒரு பையன். ஈரோட்டுக்காரன். வீட்டில் பவர்லூம்.

அவனோடு படித்த பெண். மெக்கானிக்கல் வகுப்பில் அந்தப் பெண் ஒருத்திதான் என்று சொன்னார்கள்.

அந்தப் பெண்ணின் அப்பா. ஓர் ஆபீசில் கிளார்க். லாரியில் பெண்ணைத் தனியாக அனுப்பமாட்டேன் என்று லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்தவர்.

அப்புறம் நான். வண்டி என்னுடையது.

வண்டியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மினி லாரி. அதற்காகத்தான் அத்தனை பேரும் நின்றோம்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பிறத்தியார் வண்டியில் கிளீனராக ஏறி, டிரைவராகி, வெகு காலம் கழித்துத்தான் சொந்தமாக ஒரு பழைய லாரி வாங்கினேன். தொண்டாமுத்தூர்ப் பக்கம் தோப்புகளில் உரித்த தேங்காயை ஏற்றி மதுக்கரை தாண்டி ஓர் எண்ணெய் ஆலையில் இறக்குவது வேலை. காய் பாயுடையது, வாடகை அவர் தருவார்.

வண்டி நன்றாகத்தான் ஓடியது. சேசிஸ் மட்டும் உடைந்தது.

சேசிஸ் என்றால் நீளமாக இரண்டு இரும்புச் சட்டம். எஞ்சின், கேபின், பாடி எல்லாம் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கும். பின் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடத்துக்குச் சற்றுப் பின்னால், சட்டத்தின் மேல்விளிம்பில் ஒரு விரிசல் வந்தது. முடி மாதிரி இருந்தது. பற்றவைத்தேன். ஆறு மாதத்தில் அதே இடத்தில் மறுபடி வந்தது. பட்டறைக்காரர் இரும்புத் தகடு வைத்துப் பற்றவைத்தார். தகடு முடிகிற இடத்தில் மூன்றாம் தடவை விட்டது.

பட்டறை சிங்காநல்லூர்ப் பக்கம். பட்டறைக்காரர் வண்டிக்கடியில் இருந்து வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"இதுக்கு மேல நான் கை வெக்கமாட்டனுங்க."

"ஏனுங்க?"

"வேற பட்டறைக்குப் போனீங்கன்னா பத்தவெச்சுக் குடுப்பாங்க. ஓட்டுவீங்க. ஒரு நாளைக்கு பின்பாடி தனியா உழுகும். பின்னால ஸ்கூட்டர்ல எவனாச்சும் புள்ளகுட்டியோட வருவான். அந்தப் பாவம் எனக்கு வேண்டாமுங்க. சேசிஸ் மாத்துங்க."

சேசிஸ் மாற்றுகிற காசுக்கு இன்னொரு பழைய லாரியே வாங்கலாம். என்னிடம் இரண்டுக்கும் இல்லை. வண்டியை இரும்பு எடைக்குக் கொடுத்துவிட்டு மறுபடி பிறத்தியார் வண்டியில் ஏற வேண்டியதுதான். வீட்டில் இரண்டு பேர் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். பட்டறை வாசலில் ஒரு டயர் கிடந்தது. அதன்மேல் உட்கார்ந்தேன்.

அப்போது வண்டிக்கடியில் இன்னும் இரண்டு கால் தெரிந்தது. ஒரு பையன் படுத்துக்கொண்டு விரிசலை போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான். சட்டையெல்லாம் கிரீஸ். வெளியே வந்து என்னிடம் கேட்டான்.

"ஏனுங்கண்ணா, இந்த விரிசல எங்களுக்குக் குடுப்பீங்களா?"

எனக்குப் புரியவில்லை. "எடுத்துட்டே போ தம்பி. எனக்கு எதுக்கு அது?" என்றேன். பட்டறைக்காரர் சிரித்துவிட்டார்.

அவன் காலேஜ் ப்ராஜெக்டுக்கு உடைந்த சேசிஸ் தேடிப் பட்டறை பட்டறையாக அலைந்துகொண்டிருந்தான். லாரிச் சட்டம் எந்த இடத்தில், எந்தப் பாரத்துக்கு உடைகிறது என்று கண்டுபிடிப்பது அவன் பங்கு. கூடப் படிக்கும் பெண்ணுக்கு வேறு பங்கு. பாரம் ஏற ஏற டீசல் வண்டி எவ்வளவு புகை விடுகிறது, அந்தப் புகை எவ்வளவு கரி கக்குகிறது என்று அளப்பது. இரண்டுக்கும் ஒரே வண்டியை வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர்கள் சார் சொல்லியிருந்தாராம். உடைகிற வண்டியும் வேண்டும், புகைகிற வண்டியும் வேண்டும். என் வண்டி இரண்டுக்கும் தோதாக இருந்தது.

"ஏன் ஒடையுதுன்னு கண்டுபுடிச்சுக் குடுத்தறோம்ண்ணா. அது வரைக்கும் வித்துப்போடாதீங்க" என்றான்.

வேறு யாரும் அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சரி என்றேன். பட்டறைக்காரர் முனகிக்கொண்டே தற்காலிகமாக ஒரு தகடு வைத்துக் கொடுத்தார். நாலு மாதம் அந்தத் தகட்டோடு ஓட்டினேன். மேட்டிலும் பள்ளத்திலும் நடை வேகம்தான். வாரத்துக்கு ஒருமுறை பட்டறைக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்பது பட்டறைக்காரர் கட்டளை.

ஒரு நாள் என்னைக் காலேஜுக்குக் கூட்டிப்போனான். கம்ப்யூட்டர் ரூமுக்கு வெளியே வரிசையாகச் செருப்புகள் கிடந்தன. நானும் கழற்றிவிட்டு உள்ளே போனேன். ஏசி ஓடியது. கை கட்டிக்கொண்டு நின்றேன். பெட்டிக்குள் பச்சைக் கோடாக ஏணி மாதிரி ஒன்று தெரிந்தது.

"இதுதாண்ணா உங்க வண்டி."

"சக்கரம் எங்க தம்பி?"

"சக்கரம் இல்லீங்கண்ணா. ஸ்பிரிங் இருக்கற எடத்துல முட்டுக் குடுத்திருக்கோம்."

"கேபினு?"

"அதும் வெறும் பாரம்தான்."

அந்தப் பெண் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. "அண்ணனுக்கு வண்டியவே அடையாளம் தெரியல, நாளைக்கு சாருக்கு எப்படித் தெரியும்?" என்று பையனைச் சீண்டியது. அந்தப் பச்சைக் கோட்டை நான் வெகுநேரம் பார்த்தேன். ஊரில் இத்தனை லாரி இருக்க, என் வண்டிக்காக இரண்டு பிள்ளைகள் ஏசி ரூமில் செருப்பில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த எண்ணம் எனக்குப் புதிதாக இருந்தது. வெளியே வந்து இருவருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். நன்றி சொல்ல எனக்குத் தெரிந்தது அதுதான்.

அப்புறம் அவர்கள் தோப்புக்கு வர ஆரம்பித்தார்கள்.

முதல் நாளே பையன் அக்காவிடம் கேட்டான். "ஒரு லோடுக்கு எத்தன காய்ங்க்கா?"

"நாலாயிரம்."

தோப்புக்காரரிடம் கேட்டான். நாலாயிரம் என்றார். என்னிடம் கேட்டான். நாலாயிரம் என்றேன். மண்டிக்குப் போய்ப் பாயிடமும் கேட்டிருக்கிறான். அவரும் நாலாயிரம் என்றாராம். பத்துக் காயைத் தராசில் நிறுத்து, ஒரு காய் சராசரி என்ன எடை என்று எழுதிக்கொண்டான். பெருக்கினான். வண்டி தாங்குகிற பாரத்துக்குள்தான் வந்தது. அதனால்தான் அவனுக்கு ஆச்சரியம். தாங்க வேண்டிய வண்டி ஏன் உடைகிறது?

சட்டத்தில் விரிசல் வந்த இடத்துக்குப் பக்கத்தில் தபால்தலை மாதிரி ஒன்றை ஒட்டினான். அதிலிருந்து ஒயர் போய் ஒரு மீட்டர் பெட்டியில் சேர்ந்தது. இரும்பு துளி இழுபட்டாலும் மீட்டரில் நம்பர் மாறும். வண்டி ஓடும்போது அவன் காய்க்கு மேல் உட்கார்ந்து மீட்டரை மடியில் வைத்துக்கொள்வான். காய் உருளும். அவனும் உருளுவான். மீட்டரை மட்டும் விடமாட்டான்.

அந்தப் பெண்ணிடம் கைப்பம்பு மாதிரி ஒன்று இருந்தது. சைலன்சரில் இருந்து ஒரு டியூப் கேபினுக்குள் வரும். பம்பின் வாயில் வட்டமாக வெட்டிய வெள்ளைத்தாளைச் சொருகி, மேடு ஏறும்போது இழுக்கும். தாளில் கரி படியும். எவ்வளவு கறுப்பு என்று ஓர் அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்கும். அட்டையை அப்பா பிடித்துக்கொள்வார். கேபினில் நடுவில் அப்பா, ஓரத்தில் பெண்.

அக்காவுக்கு இது பெரிய வேடிக்கை.

"ஏன் அம்மணி, ஊருல பொண்ணுங்க புகை வேண்டாம்னு அடுப்புக்கு கேஸ் கேக்கறாங்க. நீ புகையப் புடிச்சு பேப்பர்ல வெக்கறியே?"

"இது அடுப்புப் புகைய விட மோசம்க்கா."

"கல்யாணம் ஆனா எந்தப் புகை மோசம்னு தெரியும் கண்ணு."

அப்பா இருமினார். பெண் சிரித்தது.

மதுக்கரைக்கு முன்னால் ஒரு மேடு வரும். அதன் ஓரத்தில் நாலைந்து வீடுகள். ஒரு வீட்டம்மா எப்போதும் துணி காயப்போட்டிருப்பார். என் வண்டி ஏறினால் கரும்புகை நேரே அந்தக் கொடிக்குப் போகும். "உன்ற வண்டியில தீயக் கொளுத்த" என்று அந்த அம்மா கத்துவார். தினமும் கேட்டுக் கேட்டு எனக்கு அது ஹாரன் மாதிரி ஆகியிருந்தது. அந்தப் பெண் முதல் தடவை கேட்டபோது முகம் சுருங்கிவிட்டது. அந்த மேட்டைத்தான் அளப்பதற்கு வைத்துக்கொண்டது.

ஒரு தடவை அப்பாவிடம் கேட்டேன். "புள்ள இதப் படிச்சு என்னங்க பண்ணப் போகுது?"

"எனக்கும் தெரியலீங்க. மெக்கானிக்கல்தான் வேணும்னு நின்னுபோட்டா. நானும் கூடவே நிக்கறேன்" என்றார். தயிர்சாதத்தில் பாதியை எனக்கு வைத்தார்.

காலியாக ஓட்டிப் பார்த்தார்கள். கம்ப்யூட்டரில் என்ன வந்ததோ அதுவே மீட்டரிலும் வந்தது. தாளும் ஒத்துவந்தது. பாதி லோடு, இரண்டாயிரம் காய் ஏற்றி ஓட்டினோம். ஒத்துவந்தது. நாலாயிரம் ஏற்றி ஓட்டினோம். மீட்டரில் நம்பர் எங்கேயோ ஏறிவிட்டது. தாள் நடுவில் அட்டக் கறுப்பு.

தபால்தலையைப் பிய்த்து வேறு ஒட்டினான். அதேதான். மீட்டரை மாற்றிக்கொண்டு வந்தான். அதேதான். பெண் டீசல் பில்டரை மாற்றச் சொன்னது. மாற்றினேன். தாள் கறுப்பு மாறவில்லை. அவர்கள் சார் கூப்பிட்டுச் சத்தம் போட்டிருக்கிறார். ரீடிங் எடுக்கவே தெரியவில்லை, பாதி லோடுக்குச் சரியாக வருவது முழு லோடுக்கு எப்படித் தப்பாகும், நாலாயிரத்தைச் சரியாகப் பெருக்கினீர்களா என்று. பையன் பேச்சைக் குறைத்துக்கொண்டான்.

எனக்கும் நாள் நெருங்கியது. பட்டறைக்காரர் அந்த வாரம் தகட்டோரத்தைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். புதிய விரிசல் ஆரம்பித்திருந்தது. ஒரு புரோக்கர் வந்து வண்டியைச் சுற்றி வந்து, சக்கரத்தை உதைத்துப் பார்த்து, இரும்பு விலை சொல்லிவிட்டுப் போனார். இன்னும் ஒரு லோடு, அப்புறம் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். பையனிடமும் சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு "செரிங்கண்ணா" என்றான்.

அந்தக் கடைசி லோடு ஏற்றிய நாளைத்தான் முதலில் சொன்னேன்.

காய் ஏறி முடிந்தது. வழக்கம்போல அக்கா ஆளுக்கு இரண்டு காயை எடுத்துவந்து பையன், பெண், அப்பா மூவருக்கும் காட்டிவிட்டு வண்டியின் பின்னால் மூட்டையில் போட்டார். ஆலையில் இறக்கும்போது நான் எடுத்துக் கொடுப்பேன். எங்கள் பக்கம் வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பமாட்டார்கள். அப்பா நேர்மையான மனிதர். ஒவ்வொரு தடவையும் வாங்கக் கூச்சப்பட்டுக்கொண்டே வாங்குவார். அன்றைக்குப் பாய் பக்கத்தில் நின்றதால் கூச்சம் அதிகமாகிவிட்டது போல. கேட்டுவிட்டார்.

"ஏனுங்கம்மா, இது அந்த நாலாயிரத்துல இருந்து எடுக்கறதுங்களா? பாய்க்குக் கொறையுமில்லீங்க?"

அக்கா சிரித்தார். "அதுல நான் கை வெப்பனுங்களா? இது கணக்குல வராத காயிங்க. சும்மா வாங்கிக்கோங்க."

"அப்ப இது எங்கிருந்து வருதுங்க?"

"லாபக்காய்ல இருந்துங்க."

"லாபக்காய்னா?"

"நூறு காய்க்குப் பதினஞ்சு காயி லாபம். தோப்புக்காரரு பாய்க்குக் குடுக்கறது. அழுகல் சொத்தை இருந்தா அதுல செரியாப் போயிருமுங்க."

பெண் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தது. அப்படியே நிமிர்ந்தது.

"அக்கா, அந்தப் பதினஞ்சு நூத்துக்கு உள்ளயா, மேலயா?"

"மேலதான் அம்மணி. உள்ளன்னா அதுக்கு எதுக்கு லாபம்னு பேரு?"

பையன் காய்க்கு மேலிருந்து குதித்தான்.

"ஏனுங்க்கா, மொத நாளே கேட்டனே, எத்தன காயின்னு?"

"நாலாயிரம்னு சொன்னனே."

"அப்ப பின்னால இருக்கற மூட்டைங்க?"

"அது லாபக்காயி."

"அது தேங்கா இல்லீங்களா?"

"தேங்காதான். கணக்குல இல்ல."

பையன் தோப்புக்காரரைப் பார்த்தான். தோப்புக்காரர் என்னைப் பார்த்தார். நான் பாயைப் பார்த்தேன். அக்கா பொய் சொல்லவில்லை. யாரும் பொய் சொல்லவில்லை. என்னை எழுப்பிக் கேட்டாலும் ஒரு லோடு நாலாயிரம் என்றுதான் சொல்வேன். வாடகை நாலாயிரத்துக்கு. விலை நாலாயிரத்துக்கு. லாபக்காய் மூட்டை என் வண்டியில் ஏறுவதை வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். அது ஒரு பாரம் என்று என் மனதில் ஏறவே இல்லை. பிள்ளைகளும் மூட்டையைப் பார்த்திருந்தார்கள். நாலாயிரத்தில் சேர்ந்தது என்று நினைத்துக்கொண்டார்கள். பாதி லோடு ஏற்றிய நாளில் லாபக்காய் இல்லை. லாபம் எப்போதும் முழு லோடுக்குத்தான், கடைசியில்தான்.

"எல்லாத்தையும் எறக்கி எண்ணணுங்க" என்றது பெண்.

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எண்ணினத மறுபடி எண்றதா? எங் கை மேல சந்தேகமா?"

"இல்லீங்க்கா. எண்ணாதத எண்ணணும்."

"எண்ணிப்போட்டா அப்பறம் அது கணக்குல வந்துருமே கண்ணு. அப்பறம் லாபம் எங்க இருக்கும்?"

அது பாயின் காய். அவர் சொன்னால்தான் உண்டு. பாய் தாடியைத் தடவிக்கொண்டார்.

"எண்ணுங்கம்மா. எங்க அத்தா காலத்துல இருந்து யாரும் எண்ணிப் பாத்தது இல்ல. என்னதான் இருக்குன்னு பாத்துருவோம்."

பாடிக்குள் கொட்டியிருந்த காயை இறக்கினோம். நான், அக்கா வீட்டுக்காரர், பையன், அப்பா. அப்பா சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு வந்தார். கைக்கு இரண்டு காய், ஒரு வீச்சுக்கு நாலு. அக்கா ராகம் போட்டு எண்ணினார். அக்கா கணக்கு ஒரு காய் தப்பவில்லை, சரியாக நாலாயிரம். அக்கா பையனைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

அப்புறம் மூட்டைகள்.

லாபக்காய் அறுநூறு. ஒவ்வொரு நூறும் முடிந்ததற்கு அடையாளமாக ஒரு காயைத் தனியே வைப்பார்கள். அந்தக் காய்கள் நாற்பது, அதுவும் மூட்டையில்தான். எண்ணும்போது கை தவறியிருந்தால் என்று இருபத்தைந்து. கோயிலுக்கு இருபத்தொன்று. "இது யாருக்கு?" என்று பையன் கேட்டான். "எங்களுக்கு" என்றார் அக்கா, தரையைப் பார்த்துக்கொண்டு. பத்து. "இது?" "உங்க அண்ணன் ஊட்டுக்கு." அதுவும் பத்து. என் மனைவி அந்தக் காயில்தான் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் வந்தவர்களுக்குக் கொடுத்த ஆறு.

"என்ற காயுமா?" என்றார் அப்பா.

"உங்க காயும்தானுங்க" என்றது அவர் பெண்.

எழுநூற்றுப் பன்னிரண்டு.

பையன் மண்ணில் உட்கார்ந்து கால்குலேட்டரைத் தட்டினான். மறுபடி தட்டினான். "நானூறு கிலோவுக்கு மேலங்கண்ணா" என்றான். அதோடு நிற்கவில்லை. "அத எங்க வெப்பீங்க?"

பின்கதவை ஒட்டித்தான் வைப்போம். எண்ணின காயோடு கலந்துவிடக் கூடாது. ஆலையில் கதவைத் திறந்ததும் லாபம் முதலில் கண்ணில் பட வேண்டும். அதுதான் மரியாதை.

கொட்டகையில் இரண்டு கல்லின்மேல் ஒரு தென்னம்பலகை கிடந்தது. பையன் அதன் நடுவில் உட்கார்ந்தான். ஒன்றும் ஆகவில்லை. பின்னால் நகர்ந்து, கல்லுக்கு வெளியே நீட்டியிருந்த முனையில் உட்கார்ந்தான். பலகை வளைந்தது. கல்லுக்கு மேலே இருந்த இடத்தைத் தொட்டுக் காட்டினான்.

"இந்தக் கல்லுதான் உங்க பின் ஸ்பிரிங். நா உக்காந்திருக்கற எடத்துலதான் லாபக்காய். மேல்பக்கம் இழுபடுது பாருங்க. அங்கதான் உங்க விரிசல்."

தொட்டுப் பார்த்தேன். பலகையின் மேல்பக்கம் விறைத்திருந்தது. என் வண்டி எங்கே வலிக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பெண் தாள்களை வரிசையாக வைத்தது. "இப்பப் புகையும் கணக்குக்குச் செரியா வருது" என்றது. முகம் மலர்ந்துவிட்டது. நாலு மாதமாக அந்த முகத்தை அப்படிப் பார்த்ததில்லை. அப்பா திரும்பிக்கொண்டு சட்டையைப் போட்டார், பொத்தான் மாறிப் போயிற்று.

காரணம் தெரிந்துவிட்டது. வண்டி பிழைப்பது இனிப் பாய் கையில். லாபக்காயை நான் குறைக்க முடியாது. அது தோப்புக்காரருக்கும் பாய்க்கும் இடையில் உள்ளது. லோடைக் குறைத்தால் பாய் வேறு பெரிய வண்டிக்குப் போகலாம். போனால் நான் தப்பு சொல்ல முடியாது.

பாய் வண்டிக்கடியில் குனிந்தார். வெள்ளை வேட்டி மண்ணில் பட்டது. விரிசலில் விரலை வைத்துப் பார்த்தார். எழுந்து வந்தார்.

"இது நடுரோட்டுல ரெண்டாப் போனா உருளப்போறது என்ற காய்தானே?" என்றார்.

தோப்புக்காரர் பக்கமும் அக்கா பக்கமும் திரும்பினார்.

"நாலாயிரம்னா நாலாயிரம் ஏத்துங்க. லாபம், கோயிலு, ஊடு எல்லாம் அதுக்குள்ள. மூட்டைய முன்னால கேபின் பக்கம் போடுங்க. வண்டி சொமக்கற காய் அத்தனைக்கும் வாடகை."

"லாபக்காய்க்குமா?" என்றார் தோப்புக்காரர்.

"வண்டிக்கு எது லாபக்காயின்னு தெரியுமா?"

தோப்புக்காரர் சிரித்தார். "அப்ப மீதிய அடுத்த நடைக்கு வெச்சுக்கறன். யானை வந்து திங்காம இருந்தாச் செரி."

நான் பாயைக் கும்பிட்டேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டு, "புள்ளைங்களக் கும்புடு" என்றார். பிள்ளைகள் இரண்டும் வெட்கப்பட்டு வண்டிக்குப் பின்னால் போய்விட்டன.

அன்றைக்குப் பாதியை மட்டும் ஏற்றிக்கொண்டு மெதுவாகப் போனேன். மறுநாள் பட்டறை. பையன் வரைந்து கொடுத்தபடி புதுத்தகடு வந்தது. நீளமான தகடு, முனை இரண்டும் சாய்வாக வெட்டினது. மேல்விளிம்பில் பற்றவைக்காமல் பக்கத்தில் போல்ட் போட்டு முடுக்கினார்கள். பட்டறைக்காரர் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். நேராகவும் பார்த்தார். "இது நிக்குமுங்க. இதுக்கு நான் கை வெக்கறேன்" என்றார்.

புரோக்கர் வந்தார். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

அடுத்த வாரம் கடைசி ரீடிங். முழு லோடு. மூட்டை முன்னால். மதுக்கரை மேட்டில் வண்டி ஏறியபோது பெண் பம்பை இழுத்தது. தாளில் சாம்பல் நிறம்தான். கொடியில் துணி இருந்தது. அந்த வீட்டம்மா வெளியே வந்து, இடுப்பில் கை வைத்து, வண்டியைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு ஹாரன் கேட்காத மாதிரி இருந்தது. ஆலைக்கு வெளியே நிறுத்தியதும் பையன் மேலிருந்து கேபின் ஜன்னலுக்குத் தலையை நீட்டி மீட்டரைக் காட்டினான். எனக்கு அந்த நம்பர் புரியாது. அவன் பல் தெரிந்தது, அது போதும்.

சார் தட்டிக் கொடுத்தாராம். இருவரும் நல்ல மார்க் வாங்கினார்கள். பையன் சென்னையில் வேலைக்குப் போனான். பெண் மேலே படிக்கப் போயிற்று. போகும்போது இரண்டு வட்டத்தாளை எனக்குக் கொடுத்தது. ஒன்று கறுப்பு, ஒன்று சாம்பல். கேபினில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தேன். போலீஸ்காரர் ஒருவர் அது என்ன என்று கேட்டார். வண்டியின் எக்ஸ்ரே என்றேன். சரி போ என்றார்.

அப்பா அப்புறமும் தோப்புக்கு வந்தார், ஒரு பெட்டி ஸ்வீட்டோடு. பெண்ணுக்கு வேலை கிடைத்திருந்தது. அக்கா அவருக்கு இரண்டு காய் கொடுத்தார். "கணக்குல எழுதிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்கினார்.

என் பிள்ளைகள் இருவரும் படித்து முடித்தார்கள். அந்த வண்டிதான் படிக்கவைத்தது. சேசிஸ் அதற்குப் பிறகு விடவில்லை. நான் தெம்பாக இருந்தவரை ஓட்டி, ஓடுகிற வண்டியாகவே விற்றேன். அந்த இரண்டு பிள்ளைகளும் வராமல் இருந்திருந்தால் இதில் ஒன்றும் இல்லை. அவர்களுக்கு இது தெரியுமோ என்னமோ. தெரியட்டும் என்றுதான் எழுதினேன்.

விற்கிற நாள்வரை தோப்பில் ஏற்றி முடித்ததும் அக்காவிடம் கேட்பேன். அக்கா லாபக்காய், அடையாளக்காய், கோயில் காய், அவர் வீட்டுக் காய், என் வீட்டுக் காய் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்வார்.

நாலாயிரம்.